கடைசி வரை கேட்டவர்

மனை விற்கிறவர்களின் தொலைபேசி அழைப்பைக் கடைசி வரை கேட்கும் ஒருவரைத்தான் நான் என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். நாமெல்லாம் "வணக்கம் சார், சென்னைக்கு மிக அருகில்" என்ற இடத்திலேயே சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுவோம். அவர் அன்றைக்கு அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அலங்கார வளைவு, குழந்தைகள் பூங்கா, நல்ல தண்ணீர், பள்ளிக்கூடம் என்று மறுமுனையில் பேசிய பெண் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை 'ம்' கொட்டினார். பிறகு, "நல்லா சொன்னேம்மா. எனக்கு மனை வேணாம். ஆனா ஒண்ணு, பஸ் ஸ்டாண்டு பத்து நிமிஷம்னு சொன்னியே, நடந்தா, வண்டில போனா?" என்று கேட்டார்.

அப்புறம் அந்தப் பெண் சொன்னது ஸ்பீக்கர் வழியாக எங்களுக்கும் கேட்டது.

"மேடம், இவ்ளோ தூரம் யாரும் கேக்கமாட்டாங்க. அதுக்கு மேல எனக்கே தெரியாது."

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று போன மாதம் போனில் கேட்டேன். "இன்னா எழுதப் போறீங்கன்னு மொதல்ல முழுசா சொல்லுங்க, கேட்டுட்டு சொல்றேன்" என்றார். எழுதி முடிக்காமல் எப்படி முழுதாகச் சொல்வது? பெயரில்லாமலே போகட்டும்.

நாங்கள் இருவரும் திருவள்ளூரில் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் வேலை பார்த்தோம். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கீழே யாராவது குடம் வாங்கும்போது தட்டிப் பார்க்கிற சத்தம் சில சமயம் ஒலிபரப்பிலேயே கேட்கும். மாவட்டத்தைத் தாண்டினால் நிலையம் எடுக்காது. தொழிற்பேட்டைக்காரர்களுக்கு ஒரு நிகழ்ச்சி, பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிறவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி, நெல் போடுகிறவர்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று பல வருடங்களாகப் பேசிப் பேசிச் சேர்த்து வைத்திருந்தார்கள். அவ்வளவையும் பாட்காஸ்ட்டாக இணையத்தில் போடுவது என்று நிலைய இயக்குநர் மேடம் முடிவெடுத்தபோதுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

என் வேலை ஒலியைத் தொடுவதல்ல. பட்டியலுக்கு ஒரு வடிவம் போட்டுத் தருவது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கணினியில் ஓர் அட்டை இருக்கும். தலைப்பு, சுருக்கம், நாள், நீளம், மொழி, வகை, பேசியவர் என்று எல்லா அட்டையிலும் ஒரே மாதிரிக் கட்டங்கள். அந்த அட்டைகளைப் படித்துத்தான் மற்றவர்களின் செயலிகள் நிகழ்ச்சியைத் தங்கள் பக்கத்தில் காட்டும். கட்டம் தப்பானால் தேடுகிறவருக்கு நிகழ்ச்சி கிடைக்காது. இதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் அட்டைகளை நிரப்புவதற்காக எடுக்கப்பட்ட பெண். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ பெரியவர். புதுவாயல் பக்கம் ஊர். அப்பா அம்மா கழனி வேலைக்குப் போனவர்கள், அண்ணன் தம்பிகள் கம்பெனி வேலைக்குப் போனவர்கள். இவரும் கும்மிடிப்பூண்டியில் டின் மூடி செய்கிற ஆலையில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்தவர். பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து வருவார்.

முதல் நாள் நான் வெள்ளைப் பலகையில் பதினோரு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் என்ன வரவேண்டும் என்று ஒரு மணிநேரம் விளக்கினேன். நடுவில் யாரும் குறுக்கே பேசவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. முடிந்ததும் இவர் கையைத் தூக்கினார்.

"சார், இதுல எத்தன நிகழ்ச்சி நீங்க கேட்டிருக்கீங்க?"

"கேட்கணும்னு அவசியம் இல்லைங்க. நான் வடிவம் மட்டும்தான்."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணு கேட்டேன். பாதி."

"எந்தப் பாதி?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. முதல் பாதி என்று நான் சொன்னதும், தன் நோட்டில் அதைக் குறித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அரைமணி நேர நிகழ்ச்சி என்றால் அரைமணி நேரம். அதற்குப் பிறகுதான் கட்டத்தில் கை வைப்பார். ஒரு நாளைக்கு ஏழெட்டு அட்டைதான் முடியும். பக்கத்து மேஜைக்காரர் தலைப்பைப் பார்த்தே நாற்பது அடித்துவிட்டு டீக்குப் போய்விடுவார்.

பாட்காஸ்ட் செயலிகளுக்கென்று வகைகளின் பட்டியல் ஒன்று ஏற்கெனவே உண்டு. செய்தி, ஆரோக்கியம், கல்வி, பொழுதுபோக்கு என்று. நான் அதை அப்படியே எடுத்து வைத்திருந்தேன். நண்டு வலை பற்றிய நிகழ்ச்சிக்கு எது பொருந்தும் என்று தேடி, 'பொழுதுபோக்கு' என்பதற்குள்ளே 'மீன்பிடித்தல்' இருப்பதைக் கண்டுபிடித்து, அதையே போட்டேன். மத்தியானம் அவர் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"நண்டு புடிக்கறது பொழுதுபோக்கா சார்?"

"அந்தப் பட்டியல்ல அப்படித்தான் இருக்கு."

"எங்க சித்தப்பா விடிகாலைல இடுப்பளவு தண்ணில நின்னுக்கினு வல இழுக்கறாரு. அவராண்ட போயி, இன்னா சித்தப்பா பொழுது போவுதான்னு கேட்டுட்டு வரட்டா?"

அந்த வாரம் வகைப் பட்டியலில் 'தொழில்' என்று ஒரு கிளை முளைத்தது. வெளியே போகும்போது செயலிகளுக்குப் புரிகிற வகையாக அது மாறிக்கொள்ளும்படி ஒரு வழி செய்தேன். ஒரு நாள் வேலை அதிகமானது. இரண்டு வாரம் கழித்து மொழிக் கட்டத்துக்கு வந்தார். ஓர் அட்டைக்கு ஒரு மொழிதான் என்று நான் வைத்திருந்தேன். ஆரம்பாக்கம் பக்கத்தில் எடுத்த நிகழ்ச்சியில் ஓர் அம்மா தமிழில் ஆரம்பித்து, மருமகளைப் பற்றிப் பேச்சு வந்ததும் தெலுங்குக்குப் போய், திரும்பவும் தமிழுக்கு வருகிறார். "திட்டற எடத்துல மட்டும் தெலுங்கு சார். அத்த எந்தக் கட்டத்துல போடறது?" என்றார். தொழிற்பேட்டை நிகழ்ச்சி ஒன்றில் ஒடிசாக்காரர் ஒருவர் தன் மொழியில் நான்கு நிமிடம் பாடியிருந்தார். அது இருப்பதே நிலையத்தில் யாருக்கும் தெரியாது. மொழிக் கட்டம் எத்தனை மொழியையும் ஏற்றுக்கொள்ளும்படி மாறியது.

எனக்கு அவர்மேல் எரிச்சல் வராமலில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது சரியாக இருந்து தொலைத்தது.

செவ்வாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். திருவள்ளூரிலிருந்து ரயிலில் ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடம். எல்லோரும் வந்து இலை போட்டாயிற்று, இவரை மட்டும் காணோம். ஒன்றரை மணிநேரம் கழித்து ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்தார். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த கொய்யாப்பழக்கார அம்மா தன் மகள் வீட்டுப் பிரச்சினையைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். செவ்வாப்பேட்டை வந்தபோது மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போன இடம் வரைதான் கதை வந்திருந்ததாம்.

"அங்க எப்படி சார் எறங்கறது? ஆவடி வரிக்கும் போயி, முடிஞ்சப்பறம் திரும்பி வந்தேன்."

"மாப்பிள்ளை திரும்பி வந்தாரா?" என்று என் அம்மா கேட்டார்.

அவ்வளவுதான். அவர் சொல்லச் சொல்ல அம்மா சாம்பார் கரண்டியோடு நின்றுகொண்டே கேட்டார். சோறு ஆறிப்போனது. இன்றைக்கும் அம்மா, "அந்தக் கொய்யாப்பழக்காரி மக இப்ப எப்படி இருக்கா?" என்று, நேரில் பார்த்தவர் மாதிரி விசாரிப்பார்.

ஒருமுறை கேட்டேன், உங்களுக்கு அலுப்பே வராதா என்று. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மூடி அடிக்கற மிஷின் சத்தம் தெரியுமா சார் உங்களுக்கு? ஆறு வருஷம் காதுல அடப்பான் வச்சிக்கினுதான் நின்னேன். எதிர்ல நிக்கறவங்க வாய் அசையும், இன்னா சொல்றாங்கன்னு தெரியாது. சிரிச்சா சிரிச்சிக்குவோம். கூட நின்ன ஒரு பொண்ணு நாலு வருஷம் எங்கூடவே நின்னுது. அது கொரலு எப்படி இருக்கும்னு எனக்கு இப்பவும் தெரியாது."

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த அட்டைக்குப் போனார்.

இதற்கிடையில் நாள் நெருங்கியது. ஒரு பெரிய பாட்காஸ்ட் செயலிக்காரர்கள் எங்கள் பட்டியலை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று தெரியாது. மேடம் எல்லோரிடமும் வாக்குக் கொடுத்திருந்தார். நிரப்பாத அட்டைகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. இந்த வேகத்தில் போனால் தீபாவளி வந்துவிடும் என்றார் மேடம், இவரைப் பார்க்காமல்.

நான் ஒரு நிரல் எழுதினேன். ஒலிக்கோப்பின் முதல் ஐந்து நிமிடத்தை எழுத்தாக மாற்றி, அதிலிருந்து சுருக்கத்தையும் பேசியவர் பெயரையும் தானே எடுத்துக் கட்டத்தில் போட்டுவிடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓட்டினேன். மாலைக்குள் எல்லா அட்டையும் நிரம்பிவிட்டது. மேடம் எல்லோருக்கும் சமோசா வாங்கித் தந்தார். இவரும் ஒன்று எடுத்துக்கொண்டார். கடித்துக்கொண்டே, "மீதிய நான் ஊட்டுல கேட்டுக்கறேன் சார்" என்றார்.

"இனிமே எதுக்குங்க?"

"சும்மாதான்."

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"சார், தொழில் பாதுகாப்பு நிகழ்ச்சி ஒண்ணு இருக்குதே, அத்த நிறுத்துங்க."

"ஏன், நீளம் தப்பா இருக்கா?"

"நான் சொல்லமாட்டேன். நீங்க கேளுங்க. கடைசி வரிக்கும் கேளுங்க."

கேட்டேன். கும்மிடிப்பூண்டியில் ஏதோ ஓர் ஆலையின் தொழிலாளி ஒருவர், தலைக்கவசம், கையுறை, முதலுதவிப் பெட்டி என்று தங்கள் இடத்தில் எல்லாம் சரியாக இருப்பதை அரைமணி நேரம் ஒப்பிக்கிற குரலில் சொல்கிறார். என் நிரல் அதற்கு எழுதியிருந்த சுருக்கம்: 'ஆலையில் பாதுகாப்பு முறைகள் சிறப்பாகப் பின்பற்றப்படுவதை ஒரு தொழிலாளர் விளக்குகிறார்.' முடிவு இசை வந்தது. நிறுத்தப் போனேன். நிறுத்தாமல் விட்டேன். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. நாற்காலி நகர்கிற சத்தம், டீ கிளாஸ் வைக்கிற சத்தம். பிறகு அதே ஆள், ஆனால் வேறு குரல்.

"முடிஞ்சிதா சார்? மிஷினு ஆஃபுதானே? சொல்றேன் கேளுங்க. நான் பேசினதுல பாதி அவங்க எழுதிக் குடுத்தது. தகடு அமுக்கற ப்ரெஸ்ஸு மிஷினுல கை உள்ள போவாம இருக்க ஒரு கம்பி வல இருக்கும். வேல ஸ்லோவாவுதுன்னு அத்த கழட்டி வச்சிட்டாங்க. எங்கூட நிக்கறவனுக்கு ரெண்டு வெரலு போச்சு." நண்பனின் பெயரைச் சொன்னார். கழற்றச் சொன்ன மேற்பார்வையாளரின் பெயரைச் சொன்னார். "இதெல்லாம் வெளிய வந்துதுன்னா எங்க ரெண்டு பேரு வேலயும் காலி சார். இது ரெக்கார்டு ஆவலியே?"

ஆகியிருந்தது. ஒலிபரப்பில் அரைமணியோடு செய்திக்குப் போய்விடுவார்கள் என்பதால் பதிவின் இந்த வால் யார் காதிலும் விழவில்லை. பதிவு செய்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். திங்கட்கிழமை என் பட்டியல் வழியாக அது உலகம் முழுக்கப் போயிருக்கும். அந்த ஆளின் பெயரை என் நிரல் பேசியவர் கட்டத்தில் எழுத்துப் பிழையில்லாமல் நிரப்பி வைத்திருந்தது.

உடனே இவரைப் போனில் கூப்பிட்டேன். "வெட்டிடறேங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"வெட்டினா அவரு சொன்னது போயிடும். வுட்டா அவரு வேல போயிடும். ரெண்டுமே நாம முடிவு பண்றது இல்லியே சார்."

"அப்புறம் யாரு?"

"அவருதான். போயி கேப்போம்."

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வண்டியில் புதுவாயல் போய்ச் சேர்ந்தபோது, நெடுஞ்சாலை ஓரத்து நாஷ்டா கடையில் எனக்கும் சேர்த்து இட்லி சொல்லிவிட்டு இவர் உட்கார்ந்திருந்தார். கம்பெனி பஸ் டிரைவர்கள் சாப்பிடுகிற கடை. நான் வருவதற்குள் ஒரு டிரைவரின் முதுகுவலிக் கதை முழுவதையும் கேட்டு முடித்திருந்தார். அந்த டிரைவருக்கு நாங்கள் தேடுகிற ஆளைத் தெரிந்திருந்தது. அந்த ஆலையை விட்டுவிட்டு இப்போது காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டராக இருக்கிறார், வீடு மீஞ்சூர் பக்கம் என்றார். தெருவையும் சொன்னார். முதுகுவலிக்கு மட்டும் யாரிடமும் வழி இல்லை.

நாங்கள் போனபோது அந்த வெல்டர் வீட்டு வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தார். வானொலி நிலையம் என்றதும் சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் ஹோஸைக் கீழே போட்டுவிட்டார். தண்ணீர் தெருவில் ஓடியது.

"ஆஃபுன்னு சொன்னாரே அந்தாளு."

"ஆஃப் பண்ண மறந்திருப்பாரு. நீங்க மொதல்ல கேளுங்க" என்று இவர் ஹெட்போனைக் கொடுத்தார். அவர் தட்டுத்தடுமாறி அதை மாட்டிக்கொண்டு, ஈரக் கையை முட்டிமேல் வைத்துக்கொண்டு, தன் குரலைத் தானே கேட்டார். எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற பகுதியில் கூச்சப்பட்டார். கடைசிப் பகுதியில் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு இன்னா, நான் வெளிய வந்துட்டேன். போடுங்க, பேர போட்டே போடுங்க" என்றார். பிறகு, "ஆனா வெரலு என்னுது இல்ல. அவன் இன்னும் அங்கதான் கீறான்."

அவரே போன் செய்தார். இரண்டு தெரு தள்ளியிருந்த நண்பர் லுங்கியோடு வந்து நின்றார். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது அவருக்குப் பழகிப்போயிருந்தது. ப்ரெஸ்ஸிலிருந்து மாற்றி அவரை ஆலை கேட்டில் வண்டி நம்பர் எழுத வைத்திருக்கிறார்கள். அவரும் கேட்டார். கேட்டு முடித்தபின் ஹெட்போனைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவர் என் பக்கம் திரும்பாமலே வேண்டாம் என்று தலையசைத்தார்.

அவர் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "பொண்ணு பத்தாவது படிக்குது. இப்ப வேணாம்."

"வெட்டிடவாங்க?" என்றேன்.

"வெட்டாதீங்க சார். நானு யார் கிட்டயும் சொன்னது இல்ல. இவன் ஒருத்தன்தான் சொல்லி வச்சிருக்கான். அப்படியே இருக்கட்டும். ஒருநாளு நானே வந்து சொல்றேன்."

இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த வல இப்ப மாட்டியிருக்காங்களாண்ணா?"

"எனக்கு ஆனதுக்கு அப்பறம் மாட்டிட்டாங்க. டெய்லி உள்ள போயி பாத்துட்டுத்தான் நான் கேட்டுக்குப் போறேன்."

திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த இவரைப் புதுவாயலில் இறக்கிவிட்டபோது, "இன்னும் எத்தன அட்டைல இந்த மாதிரி கீதோ" என்றார். அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குப் போனதும் உட்கார்ந்து அட்டையில் மூன்று கட்டம் சேர்த்தேன். 'எதுவரை ஒலிக்கலாம்', 'யார் சம்மதம் சொன்னது', 'கடைசி வரை கேட்டவர்'. மூன்றாவது கட்டத்தில் ஒரு மனிதரின் பெயர் இல்லாவிட்டால் அட்டை பட்டியலோடு வெளியே போகாது என்று விதி வைத்தேன். நிரலை நானே நிறுத்தினேன்.

திங்கட்கிழமை காலை புதுக் கட்டங்களைப் பார்த்ததும் மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "உலகத்துல எந்தப் பட்டியல்லயாவது கேட்டவர் பேர்னு ஒரு கட்டம் இருக்கா? அவங்க இத ஏத்துக்குவாங்களா?"

"இது வெளியே போகாது மேடம். நமக்கு மட்டும்."

"இன்னிக்கு பத்து மணிக்குக் குடுக்கணும். வெள்ளிக்கிழம எல்லாம் ரெடின்னு சொன்னது நீங்கதானே?"

இவர் ஹெட்போனை மேடம் முன்னால் நீட்டினார். "மேடம், ஆறு நிமிஷம்தான். கேட்டுட்டுத் திட்டுங்க."

மேடம் தோளில் பையோடு நின்றுகொண்டே வாங்கி மாட்டினார். இரண்டாவது நிமிடம் பையை இறக்கினார். அப்புறம் உட்கார்ந்தார். கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கீழே குடம் தட்டுகிற சத்தம் வரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை அட்டையில பேர் இருக்கு?"

"இவங்க கேட்டு முடிச்சது மட்டும்தான் மேடம். இருநூத்தி நாப்பது."

"அத மட்டும் குடுங்க. மீதி கேக்கக் கேக்கப் போவும்னு அவங்களுக்கு நானே சொல்றேன்."

சொன்னார். செயலிக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மொத்தம் எத்தனை என்று அவர்களில் யாரும் கேட்கக்கூட இல்லை என்பதை மேடம் பல நாள் சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு நிலையத்தில் நடந்ததுதான் வேடிக்கை. ஆளுக்கு இத்தனை என்று கோப்புகளைப் பிரித்துக்கொண்டு எல்லோரும் கேட்க ஆரம்பித்தோம். வாசல் காவலாளி தனக்கும் வேண்டும் என்றார். வாசலில் உட்கார்ந்தே பழவேற்காட்டு நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் முடித்தார். குறிப்பு எழுதுகிற இடத்தில், 'இந்த அம்மா கடைசியில் பாடுவது நன்றாக இருக்கிறது, அதுவரை பொறுத்துக்கொள்ளவும்' என்று எழுதினார். அதை அப்படியே சுருக்கமாக வெளியிட்டோம். அந்த நிகழ்ச்சியைத்தான் அதிகம் பேர் கடைசி வரை கேட்டார்கள். தலைப்பைப் பார்த்து நாற்பது அட்டை அடித்த பக்கத்து மேஜைக்காரர் ஒருநாள் ஹெட்போனோடு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, "நெல்லு நிகழ்ச்சி" என்று மட்டும் சொன்னார்.

ஆலை கேட்டில் நம்பர் எழுதிய அந்த விரல் போனவர் ஒன்றரை வருடம் கழித்து வந்தார். வேறு இடத்தில் வேலை கிடைத்திருந்தது. மகள் பதினொன்றாவது போய்விட்டாள். நாங்கள் வைத்திருந்த பழைய வாலைப் போடச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "அது அவன் சொன்னது. அது அப்படியே கெடக்கட்டும். என்னுத நான் சொல்றேன்" என்றார். இவரே ஒலிப்பதிவு அறைக்குள் அவரை உட்காரவைத்து எதிரில் உட்கார்ந்தார். ஐம்பது நிமிடம். இடையில் இவர் கேட்ட கேள்விகளை நான் எண்ணினேன். நான்கு. பதிவு முடிந்ததும் மைக்கை அணைத்து, ஒயரையும் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, "இப்ப சொல்லுங்கண்ணா, வேற எதுனா இருக்குதா?" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்துவிட்டேன். நிகழ்ச்சி அவருடைய சொந்தப் பெயரோடு போனது.

இவருக்குப் பெங்களூரில் ஒரு வேலை வந்தது. ஒலிப்புத்தகங்களை வெளியிடும் முன் முதலிலிருந்து கடைசி வரை கேட்டுப் பிழை சொல்கிற வேலை. உலகத்தில் இப்படி ஒரு வேலை இருப்பதும், அது இவரைத் தேடி வந்ததும் எங்களுக்கு ஆச்சரியம். இவருக்கு இல்லை. "கேக்கறதுக்கும் ஆளு வேணுமில்ல சார்" என்றார்.

கடைசி நாள் மத்தியானம் கேக் வெட்டினோம். மேடம் பேசினார். அவர் மேடைப்பேச்சு நீளமானது என்பது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் போனைப் பார்க்க, ஒருவர் கூரையைப் பார்க்க, நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலையம் தொடங்கிய கதை, முதல் ஒலிபரப்பு, அப்போதிருந்த கஷ்டங்கள், எல்லோருக்கும் நன்றி. கைதட்டினோம். கலைந்தோம். இவருடைய பையை ஆட்டோவில் வைக்க நானும் காவலாளியும் எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

ஆட்டோ காத்திருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இவர் வரவில்லை. கூப்பிட மேலே போனேன். மாடிப்படியின் திருப்பத்தில் இவரும் மேடமும் நின்றிருந்தார்கள்.

"மேடம், பேசும்போது ஒண்ணு சொன்னீங்களே. மொத நிகழ்ச்சில உங்க கொரலு வந்தப்ப ஊட்டுல அம்மா ரேடியோவ நிறுத்திட்டாங்கன்னு. ஏன் மேடம் நிறுத்தினாங்க?"

நானும் அந்த அறையில்தான் நின்றிருந்தேன். அந்த வாக்கியம் என் காதில் விழவேயில்லை.

மேடம் அவரையே பார்த்தார். பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். இவரும் ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டார். கீழேயிருந்து ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். இவர் என்னைப் பார்த்து ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினார். ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயமாகத் தெரியவில்லை. நான் சத்தமில்லாமல் இறங்கி வந்தேன். ஆட்டோக்காரர் இன்னும் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டார்.